அளவெடுத்துச் செய்த டைட்டானியம் சைக்கிள்: 17,000 கிலோமீட்டருக்குப் பின் ஒரு மதிப்பீடு

2022 டிசம்பரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 400 கிலோமீட்டர் பிரெவே (கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூரச் சைக்கிள்) ஓட்டத்தை, 27 மணி நேரக் கெடுவுக்குள் முடித்துவிட்டு அதிகாலையில் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, சாவியைப் பூட்டுக்குள் நுழைக்க முடிந்த எனக்கு அதைத் திருப்ப முடியவில்லை. வலக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், யாருடைய விரல்களோ என் கையில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருந்தன. அழைப்பு மணியை அடித்து மனைவியை எழுப்பித்தான் உள்ளே போனேன். அந்த மரப்பு முழுமையாக நீங்க மூன்று வாரம் ஆனது. உள்ளங்கையின் வெளிப்புறமாகச் செல்லும் அல்நார் நரம்பு பல மணி நேரம் அழுந்தியதால் வந்த பாதிப்பு என்றும், இதையே திரும்பத் திரும்பச் செய்தால் விரல்களின் பலம் நிரந்தரமாகக் குறையக்கூடும் என்றும் மருத்துவர் சொன்னார். நான் டைட்டானியம் சைக்கிளைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது அந்த மூன்று வாரங்களில்தான். ஆகவே இந்த மதிப்பீட்டை உலோகத்திலிருந்து தொடங்காமல் உடம்பிலிருந்து தொடங்குவதே முறையாக இருக்கும்.

என் உயரம் 178 சென்டிமீட்டர். கால்களின் உள்ளளவு 87 சென்டிமீட்டர். அதாவது, என் உயரமுள்ள பெரும்பாலானவர்களைவிட எனக்குக் கால்கள் நீளம், மேலுடல் குட்டை. உள்ளளவை 0.883ஆல் பெருக்கினால் சீட் உயரம் கிடைக்கும் என்ற பழைய கணக்கின்படி, பெடல் அச்சின் (இரு பெடல் கைகளும் சுழலும் நடு அச்சு) மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை எனக்கு 76.8 சென்டிமீட்டர் வேண்டும். அவ்வளவு உயரத்தில் உட்காரும் ஒருவருக்கு ஹேண்டில்பாரும் அதற்கேற்ற உயரத்தில் இருக்க வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் பிரேம்களில் உயரம் கூடக்கூட நீளமும் சேர்ந்தே கூடும். அப்போது நான் ஓட்டிக்கொண்டிருந்த 56 அளவு கார்பன் சைக்கிளின் ஸ்டாக் 565 மில்லிமீட்டர், ரீச் 391 மில்லிமீட்டர். இந்தச் சொற்களுக்குப் புதியவர்களுக்காக ஒரு விளக்கம்: பெடல் அச்சிலிருந்து பிரேமின் முன்தலை எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். சைக்கிள் நமக்குப் பொருந்துமா என்பதை 54, 56 என்ற பெயரளவைவிட இந்த இரண்டு எண்களே அதிகம் சொல்லும். அந்தச் சைக்கிளில் ஹேண்டில்பாரை உயர்த்த 35 மில்லிமீட்டர் அளவுக்கு வளையங்களை அடுக்கி, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் 80 மில்லிமீட்டர் ஸ்டெம்மை மேல்நோக்கித் திருப்பிப் போட்டிருந்தேன். வளையங்களும் ஸ்டெம்மும் உட்காரும் கார்பன் ஸ்டீயரர் குழாய்க்குத் தயாரிப்பாளர் வைத்த எல்லை அதுதான். அதற்கு மேல் உயர்த்த வழியில்லை. ஒரு அளவு பெரிய பிரேமுக்குப் போயிருந்தால் உயரம் கிடைத்திருக்கும், ஆனால் கைகளை இன்னும் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

உடலளவு பார்த்துச் சைக்கிளைப் பொருத்தித் தரும் ஒருவரிடம், நீட்டிக் குறுக்கக்கூடிய சோதனைச் சைக்கிளில் இரண்டு அமர்வுகள் உட்கார்ந்து பார்த்தேன். கிடைத்த விடை எனக்கே வியப்பாக இருந்தது. ஹேண்டில்பார் 17 மில்லிமீட்டர் மேலே வர வேண்டும், 8 மில்லிமீட்டர் அருகே வர வேண்டும். அவ்வளவுதான். ஒரு விரற்கடை அளவுக்கும் குறைவான இந்த மாற்றத்துக்காகவா லட்சக்கணக்கில் செலவு செய்வது என்று யாரும் கேட்பார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். அதனால் முதலில் 60 மில்லிமீட்டரில் செங்குத்தாக ஏறும் ஒரு ஸ்டெம்மைப் பழைய சைக்கிளிலேயே பொருத்தி ஒரு மாதம் ஓட்டினேன். கைக்கு ஆறுதல் கிடைத்தது உண்மை. ஆனால் அவ்வளவு குட்டையான ஸ்டெம்மில் ஹேண்டில் துடிப்பாகிவிட்டது; இரவில், களைத்த நிலையில், லாரிகள் உரசிக்கொண்டு போகும் சாலையில் நேர்கோட்டில் ஓட்டுவதற்கே தனிக் கவனம் தேவைப்பட்டது. நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இருந்தால், பிரேம் வாங்குவதற்கு முன் இதே சோதனையைச் செய்து பார்க்கும்படி வலியுறுத்துவேன். ஒரு ஸ்டெம்மின் விலை சில ஆயிரம் ரூபாய்தான். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அளவெடுத்துச் செய்த டைட்டானியம் சைக்கிள் என்பது ஒரே விலைச்சீட்டில் விற்கப்படும் இரண்டு பொருள்கள். அளவெடுத்துச் செய்வது ஒன்று, டைட்டானியம் மற்றொன்று. என் விரல் பிரச்சினைக்கு மருந்து முதலாவதில்தான் இருந்தது. அதை எஃகிலும் பெற்றிருக்கலாம், பாதிக்கும் குறைவான விலையில். இரண்டாவது எனக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்பது வேறு கதை, அது கடலைப் பற்றியது.

உலோகத்தைப் பற்றி விற்பவர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது இது. டைட்டானியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.5 கிராம், எஃகுக்கு 7.8, அலுமினியத்துக்கு 2.7. விறைப்பில் அது எஃகில் ஏறக்குறைய பாதி. ஆகவே எஃகுக் குழாயின் அதே விட்டத்தில் டைட்டானியம் குழாயைப் போட்டால் பிரேம் நெகிழும். விட்டத்தைக் கூட்டித்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும். எந்தக் குழாயை எவ்வளவு தடிமனில் எடுப்பது என்ற தீர்மானம் கட்டுபவருடையது. இதனால்தான் “டைட்டானியம் மெத்தென்று ஓடும்” என்றோ “டைட்டானியம் தளதளவென்று ஆடும்” என்றோ பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை; இரண்டும் ஒரே உலோகத்தில் சாத்தியம். சைக்கிளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் கலந்த 9ஆம் தரக் கலவை. விமானங்களின் ஹைட்ராலிக் குழாய்களுக்காக வளர்ந்த கலவை அது. 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் உள்ள 5ஆம் தரம் இன்னும் வலுவானது, ஆனால் குழாயாக இழுப்பது கடினம் என்பதால் பின் சக்கரத்தைத் தாங்கும் முனைப்பகுதி போன்ற கடைந்த உறுப்புகளுக்கு அதைப் பயன்படுத்துவார்கள். விலைப்பட்டியலில் “5ஆம் தரம்” என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இதன் விலைக்குக் காரணம் தாதுவின் அருமை அல்ல. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பு மணலில் டைட்டானியத் தாதுவான இல்மனைட் கிடக்கிறது. கேரளத்துச் சவறாவிலும் கிடக்கிறது. உலகில் தோண்டப்படும் இத்தகைய தாதுவின் பெரும்பகுதி உலோகமாவதே இல்லை, பெயின்டுக்கான வெள்ளை நிறமியாகிவிடுகிறது. உலோகமாக்க வேண்டுமென்றால் முதலில் குளோரினோடு சேர்த்து, பிறகு காற்றுப் படாத கலத்தில் உருகிய மெக்னீசியத்தால் பிரித்தெடுத்து, பஞ்சுபோன்ற கட்டியாக்கி, வெற்றிடத்தில் உருக்கி வார்க்க வேண்டும். அதன்பின் குழாயாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் இந்த உலோகம் சூடான நிலையில் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும் என்பதால் ஒவ்வொரு படியிலும் காற்றைத் தடுக்கச் செலவு.

அதே காரணத்தால்தான் வெல்டிங் இங்கே உயிர்நாடி. டிக் வெல்டிங் செய்யும்போது வெளிப்புறம் மட்டுமல்லாமல் குழாயின் உட்புறத்திலும் ஆர்கான் வாயுவை ஓடவிட வேண்டும். இணைப்பு வெள்ளியாகவோ வெளிர்ந்த வைக்கோல் நிறமாகவோ இருந்தால் காற்றுப் படவில்லை என்று கொள்ளலாம். அடர்நீலம், சாம்பல், வெண்பொடி என்று நிறம் மாறினால் அந்த இடம் கெட்டுப்போயிருக்கிறது. வாங்குபவருக்குள்ள சங்கடம் என்னவென்றால், வெளிப்புறத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட முடியும். நான் செய்தது இது: சீட் குழாய் வழியாக ஒரு சிறிய கேமராவை உள்ளே விட்டு, பெடல் அச்சுக் கூட்டின் உட்புற இணைப்பைப் பார்த்தேன். காலை வெயிலில் வைக்கோல் எப்படி இருக்குமோ அப்படியொரு மெல்லிய மஞ்சள் வளையம் ஒரே சீராகச் சுற்றி ஓடியிருந்தது. சைக்கிள் வந்த நாளில் எனக்கு முழுத் திருப்தி தந்த காட்சி அதுதான்.

1970களில் தூய டைட்டானியத்தில் செய்த பிரேம்கள் நெகிழ்ந்தும் விரிசல் விட்டும் பெயர் கெட்டிருந்தன. 1980களின் நடுவில் அமெரிக்காவில் மெர்லினும் லைட்ஸ்பீடும் கலவை உலோகத்தோடு வந்த பிறகே இந்தத் தொழில் நிலைபெற்றது. மெர்லினில் வேலை பார்த்தவர்கள் 1997இல் செவன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். லைட்ஸ்பீடை விற்ற லின்ஸ்கி குடும்பம் 2006இல் தங்கள் பெயரிலேயே மறுபடி தொடங்கியது. கொலராடோவின் மூட்ஸ், இத்தாலியின் பஸ்ஸோனி, ஆஸ்திரேலியாவின் பாம் ஆகியவை இத்தொழிலில் மதிப்பான பெயர்கள். சீனத்தின் சியாமென் நகரப் பட்டறைகளும் வரைபடம் அனுப்பினால் அளவுக்குச் செய்து தருகின்றன, விலை பல மடங்கு குறைவு. விலை குறைவு என்பதாலேயே அவற்றை மட்டமாகப் பேசுவது நியாயமில்லை. ஆனால் அங்கே வரைபடத்துக்குப் பொறுப்பு நாம்தான். வரைபடம் தவறாக இருந்தால் தவறான பிரேமை மிகச் சரியாகச் செய்து அனுப்புவார்கள். நான் கூடுதலாகக் கொடுத்த பணம், வரைபடத்துக்குப் பொறுப்பேற்கும் ஒரு மனிதருக்குக் கொடுத்ததாகவே எண்ணுகிறேன். என்னுடையதைச் செய்த வெளிநாட்டுப் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. பின்னால் ஒரு குறையையும் சொல்லப் போகிறேன், அதற்கு அவர்கள் பதில் சொல்ல இங்கே இடமில்லை.

அந்த வரைபடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொடுத்த காசின் பலன் அதில்தான் இருக்கிறது. எனக்காக வந்த முதல் வரைபடத்தில் ஸ்டாக் 620, ரீச் 372 என்று கேட்டபடியே இருந்தது. முன்தலைக் குழாயின் சாய்வு 73.5 பாகை. பார்க்க எல்லாம் சரி. ஆனால் ரீச்சைக் குறைத்தால் முன் சக்கரம் பெடலுக்கு அருகே வந்துவிடும் என்பது கணக்கு. அந்த வரைபடத்தில் பெடல் அச்சிலிருந்து முன் சக்கர அச்சு வரை 586 மில்லிமீட்டர்தான் இருந்தது. எனக்கோ நீளமான கால், அதற்கேற்ற பாதம். மெதுவாகத் திரும்பும்போது ஷூவின் முனை டயரில் இடிக்கும். சிக்னலில் கிளம்பும்போது இப்படி இடித்து விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டுபவருக்கு எழுதிக் கேட்டேன். அவர் சாய்வை 72.5 பாகையாக்கி, முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கின் முன்தள்ளலை 45இலிருந்து 47 மில்லிமீட்டராக்கி மறு வரைபடம் அனுப்பினார். அச்சுகளின் இடைவெளி 598 ஆனது. ஹேண்டிலின் நிதானத்தைத் தீர்மானிக்கும் டிரெயில் என்ற அளவு, 32 மில்லிமீட்டர் டயரோடு ஏறத்தாழ 59 மில்லிமீட்டரில் நின்றது. நீண்ட தூரத்துக்கு அது நல்ல அளவு. பெடலைத் தாங்கும் கையான கிராங்கையும் 170 மில்லிமீட்டராக்கச் சொன்னார். இப்போது ஷூ முனை டயரை உரசாமல் மயிரிழையில் தப்புகிறது. கடையில் வாங்கும் சைக்கிளில் இந்த 12 மில்லிமீட்டரை எந்தப் பணத்துக்கும் வாங்க முடியாது. கவனிக்க வேண்டியது, நான் கேட்டிராவிட்டால் முதல் வரைபடமே பிரேமாகியிருக்கும். அளவெடுத்துச் செய்கிறார்கள் என்பதால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடக் கூடாது.

பதினாறு வாரத்தில் தருவதாகச் சொன்ன பிரேம் வந்து சேர இருபத்தொன்பது வாரம் ஆனது. காத்திருப்பதைவிடப் பதில் வராமலிருந்ததுதான் வருத்தம். இடையில் ஆறு வாரம் என் கடிதங்களுக்கு ஒரு வரி பதில் கூட இல்லை. வந்த பிரேமில் ஒரு குறையும் இருந்தது. பின் டிஸ்க் பிரேக் உட்காரும் மேடையைச் சமமாகச் சீவவில்லை. “சார், ரெண்டு பக்கமும் சமமா உட்காரலை, வெளிச்சம் தெரியுது பாருங்க” என்று மெக்கானிக் காட்டினார். டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரின் அடியில் ஒரு காகிதம் நுழையும் இடைவெளி. போல்ட்டை இறுக்கினால் கேலிப்பர் சாய்ந்து டிஸ்க்கை உரசும். அதற்கான சீவும் கருவி சென்னையில் வெகு சிலரிடமே இருக்கிறது. டைட்டானியத்தில் சீவினால் கருவியின் கூர் விரைவில் மழுங்கும் என்பதால் ஒருவர் செய்ய மறுத்துவிட்டார், மற்றொருவர் நிறைய எண்ணெய் விட்டு, நிதானமாக, ஒரு முழுப் பகல் எடுத்துச் செய்து கொடுத்தார். அவருடைய கூலியைப் பட்டறை பிற்பாடு திருப்பிக் கொடுத்தது. இருந்தாலும், இவ்வளவு விலைக்கு விற்கும் ஒரு பொருளில் இது வந்திருக்கக் கூடாது.

செலவு விவரம்: பிரேம், கார்பன் ஃபோர்க், ஹெட்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) மூன்றுக்கும் சேர்த்து 2,90,000 ரூபாய். விமானச் சரக்கும் காப்பீடும் 28,000. சுங்கமும் வரிகளும் 1,05,000. ஷிமானோ 105, கேபிளில் இயங்கும் பன்னிரண்டு கியர், ஹைட்ராலிக் பிரேக்கோடு 68,000. கையால் கோத்த அலுமினியச் சக்கரங்கள் 62,000. ஹேண்டில்பார், சீட், டயர் முதலிய மற்றவை 55,000. பொருத்தும் கூலி 12,000. ஆக மொத்தம் 6,20,000. இதில் சரக்கும் சுங்கமும் மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். பிரேமின் விலையை மட்டும் பார்த்துத் திட்டமிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

எடை விஷயத்தில் ஏமாற வேண்டாம். பிரேம் மட்டும் 1.62 கிலோ, நல்ல கார்பன் பிரேம்கள் ஒரு கிலோவுக்குள் வந்துவிடும். முழுச் சைக்கிள் என் பழைய கார்பனைவிட 1.1 கிலோ கூடுதல். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில், நானும் சைக்கிளும் சேர்ந்த எடையில் அது ஏறத்தாழ 1.3 சதவீதம், ஒன்றரை மணி நேர ஏற்றத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பின்தங்குவேன். எனக்கு அது பொருட்டில்லை. பந்தயத்தில் ஓடுகிறவர்களுக்குப் பொருட்டுதான், அவர்கள் கார்பனே வாங்கட்டும்.

இனி ஓட்டம். சாலையின் அதிர்வை டைட்டானியம் விழுங்கிவிடுகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் முதல் வாரம் அப்படியே உணர்ந்தேன். பிறகுதான் என் பழைய சைக்கிளில் 28 மில்லிமீட்டர் டயர் இருந்ததும் புதியதில் 32 இருப்பதும் உறைத்தது. அதே சக்கரங்களை, அதே 28 மில்லிமீட்டர் டயரோடு, அதே 75 பி.எஸ்.ஐ. காற்றோடு இரண்டு சைக்கிளிலும் மாற்றி மாற்றிப் போட்டு, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஒரே நீளச் சாலையில் நான்கு முறை ஓட்டினேன். என்னால் உறுதியாக வேறுபாடு சொல்ல முடியவில்லை. அதன்பின் புதியதில் 32 டயரை 55 பி.எஸ்.ஐ.யில் போட்டு ஓட்டினேன், சாலையே வேறாகிவிட்டது. கைக்கு வரும் அதிர்வைப் பொறுத்தவரை முன்னால் இருப்பது கார்பன் ஃபோர்க்தான் என்பதையும் மறக்கக் கூடாது. சொகுசுக்காக மட்டும் டைட்டானியம் வாங்க நினைப்பவர், தன் சைக்கிளில் நுழையக்கூடிய மிகப் பெரிய டயரை முதலில் போட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் பொருத்தம் என்பது வேறு. 2024 ஜனவரியில் இதே சைக்கிளில் 600 கிலோமீட்டர் பிரெவே ஓட்டினேன். அதற்கான கெடு 40 மணி நேரம். இரண்டாம் இரவு, 450 கிலோமீட்டர் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றபோது, பயந்துகொண்டேதான் வலக்கையின் சுண்டுவிரல் நுனியைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தேன். தொடுவது தெரிந்தது. டீ கிளாஸின் சூடும் அந்த இரண்டு விரல்களில் தெரிந்தது. அந்த ஓட்டத்தின் முடிவில் முழங்கால் வலித்தது, கழுத்து பிடித்துக்கொண்டது, இவற்றைச் சைக்கிள் போக்கிவிடவில்லை. ஆனால் வீட்டுக் கதவை நானே திறந்துகொண்டு உள்ளே போனேன். எனக்கு ஆறு லட்சமும் அங்கேயே செரித்துவிட்டது.

அடுத்து, நான் எஃகைத் தேர்ந்தெடுக்காததற்கான காரணம். என் ஓட்டத்தில் முக்கால் பங்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில். முட்டுக்காடு தாண்டியதும் விடியற்காலை உப்புக் காற்று முகத்தில் பிசுபிசுக்கும். அதோடு நம் வியர்வை. இந்தச் சாலையில் ஐந்தாறு ஆண்டு ஓடிய எஃகுப் பிரேம் ஒன்றின் பெடல் அச்சுக் கூட்டை நண்பர் கழற்றியபோது, உள்ளிருந்து ஒரு பிடி துருத்தூள் கொட்டியது. டைட்டானியம் துருப்பிடிப்பதில்லை. கடல்நீரால் குளிர்விக்கும் மின் நிலையங்களின் கண்டென்சர் குழாய்களுக்கும், மனித உடலுக்குள் வைக்கும் இடுப்பு மூட்டுக்கும் அதைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். என் பிரேமுக்குப் பெயின்டே கிடையாது. ஈரத்துணியால் துடைத்தால் வந்த நாளில் இருந்ததுபோலவே இருக்கிறது.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. உப்பு ஈரத்தில் டைட்டானியமும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு முழுவதும் அலுமினியத்தின் தலையில் விழும். பிரேம் அரிக்காது, அதில் செருகியவை அரிக்கும். இதை நன்றாகத் தெரிந்திருந்தும், இரண்டு மழைக்காலம் ஊடே பதினான்கு மாதம் சீட்டைத் தாங்கும் அலுமினியத் தண்டான சீட் போஸ்ட்டை வெளியே எடுக்காமல் விட்டுவிட்டேன். எடுக்க முனைந்தபோது அசையவில்லை. ஊடுருவும் எண்ணெயை இரண்டு இரவு ஊறவிட்டு, சீட்டைப் பிடித்து இருவர் முறுக்கியபோது தேங்காய் உடைவதுபோல ஒரு சத்தத்தோடு விடுபட்டது. போஸ்ட்டைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு வெண்பொடி ஏறி, விரல் நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் அறுத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மறக்காமல், கழற்றித் துடைத்து, ஒட்டுத் தடுக்கும் பசையைத் தடவிச் செருகுகிறேன். டைட்டானியம் மரைகளில் ஏறும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதே பசை வேண்டும். உலர்வாக முறுக்கினால் மரைகள் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும்.

ஆயுள் முழுவதும் உழைக்கும் என்ற வாக்குறுதியைப் பற்றி எனக்குச் சற்றுக் கடுமையான கருத்து உண்டு. பிரேம் உழைக்கலாம், அதைச் சுற்றியுள்ள உலகம் நிற்பதில்லை. நண்பர் ஒருவரிடம் 2004ஆம் ஆண்டு டைட்டானியம் சைக்கிள் ஒன்று இருக்கிறது. ஒரு கீறலில்லை. ஆனால் ரிம் பிரேக், 25 மில்லிமீட்டருக்கு மேல் டயர் நுழையாது, அதற்கேற்ற நல்ல சக்கரங்கள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறது. உலோகம் தோற்கவில்லை, அளவுகள் மாறிவிட்டன. அதனால் என் பிரேமுக்கு நான் கேட்டவை எல்லாம் பழகிய, எளிதில் மாற்றக்கூடிய அளவுகள்: மரையுள்ள பெடல் அச்சுக் கூடு, 27.2 மில்லிமீட்டர் வட்டச் சீட் போஸ்ட், பின் கியர் மாற்றியைத் தாங்கும், பல நிறுவனங்களுக்கும் பொதுவான மாட்டி, 38 மில்லிமீட்டர் வரை டயர் இடம். கேபிள்களை ஹெட்செட்டுக்குள் மறைப்பது பார்க்க அழகு. ஆனால் கடலோரத்தில் ஹெட்செட் பேரிங் எனக்கு ஆண்டுக்கு ஒன்று போகிறது, ஒவ்வொரு முறையும் பிரேக் குழாயைத் துண்டித்து எண்ணெய் மாற்ற நான் தயாராக இல்லை. வெளியே ஓடும் கேபிள் கேட்டேன், நல்லதாகப் போயிற்று. விரிசலே விடாது என்பதும் சரியல்ல. இணைப்புகளின் ஓரத்தில், குறிப்பாகச் செயின் பக்கத்துப் பின்கவைத் தண்டிலும் பிரேக் மேடை அருகிலும் டைட்டானியம் பிரேம்கள் விரிசல் விட்டதுண்டு. விட்டால் பொதுவான வெல்டிங் பட்டறையில் கொடுக்கக் கூடாது. செய்தவரிடமே அனுப்ப வேண்டும். உத்தரவாதம் இருந்தாலும் போகவரச் சரக்குக் கட்டணம் பெரும்பாலும் நம் தலையில்தான், அந்த உத்தரவாதமும் பொதுவாக முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும்.

விற்கலாம் என்ற எண்ணத்தோடு இதை வாங்கவே கூடாது. நீண்ட கால், குட்டை மேலுடல் உள்ள இன்னொருவரை நான் எங்கே போய்த் தேடுவது? கடை அளவில் வரும் டைட்டானியம் சைக்கிளுக்கு இரண்டாம் கை விலை ஓரளவு நிற்கும், அளவெடுத்துச் செய்ததற்கு நிற்காது.

சென்ற மாதம், என்னோடு ஓட்டும் ஒருவர் இதே பட்டறையின் முகவரி கேட்டு வந்தார். ஏழு லட்சம் ஒதுக்கி வைத்திருந்தார். முகவரி தருவதற்கு முன், சுவரில் சாய்த்து நிற்கவைத்து, தடித்த புத்தகம் ஒன்றைக் காலிடுக்கில் வைத்து உள்ளளவு எடுத்தேன். உயரம் 172, உள்ளளவு 80. அவருடைய பழைய சைக்கிளின் ஸ்டெம் 100 மில்லிமீட்டர், அடியில் ஒரே ஒரு வளையம், கையில் மரப்பில்லை, கழுத்தில் வலியில்லை. கடையில் தொங்கும் 54 அளவு பிரேம் அவருக்காகவே செய்ததுபோல இருந்தது. அதையே அவரிடம் சொன்னேன். கடலோரத்தில் ஓட்டுவதால் டைட்டானியம் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார், அதை நான் மறுக்கவில்லை. கடை அளவில் வரும் ஒரு டைட்டானியம் பிரேமுக்கு முன்பணம் கட்டிவிட்டார். மிச்சமான பணத்தில் நல்ல சக்கரங்களும், 32 மில்லிமீட்டர் டயர்களும், நான் மறக்காமல் வாங்கச் சொன்ன ஒட்டுத் தடுக்கும் பசை ஒரு டப்பாவும் வாங்கியிருக்கிறார்.